ஒரு வண்டுக்குப் பெயர் வைப்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால், கூடியவரை அப்படியே தந்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ காத்தாடி கம்பெனியிலதானே இருக்கறே? காத்தாடியப் பத்திப் பத்து நிமிசம் பேசு" என்றார். "வண்டைப் பத்திப் பேசட்டுங்களா அண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தென்னை வண்டா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. உடுமலைப்பேட்டையில் வண்டு என்றால் இரண்டுதான். ஒன்று குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு, இன்னொன்று மரத்தையே உள்ளிருந்து தின்னும் சிவப்புக் கூன்வண்டு. இரண்டையும் திட்டாத தென்னை விவசாயி இந்த அரங்கத்தில் இருக்க முடியாது. நான் பேச வந்தது மூன்றாவதாக ஒரு வண்டு. அதற்கு இன்னும் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அதுதான் இன்றைய பேச்சு.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் இங்கே இயற்பியல் முடித்தேன். பிறகு இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து பொறியியல் படித்தேன். இப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பிழைக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. காற்று சீசன் முடிந்து ஐப்பசி மழை ஆரம்பித்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம். என் வண்டுக் கதை முழுவதும் அந்த மழை மாதங்களில் நடந்ததுதான்.

2019 நவம்பரில் ஒரு ராத்திரி, கன்ட்ரோல் ரூமில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கையால் தேய்த்துவிட்டேன். மறுநாள் பொழுதோட பார்த்தால், தேய்த்த தடத்திலேயே நீளமாகச் சிவந்து, கொப்புளம் கிளம்பி, நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். அம்மா பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்கள், அக்கி என்று. பானை செய்கிற பெரியவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய், "என்ற பையனுக்குக் கழுத்துல அக்கி போட்டிருக்குதுங்க, கொஞ்சம் எழுதி விடுங்க" என்றார்கள். அவரும் காவியைக் குழைத்துக் கழுத்தில் எழுதிவிட்டார். காற்றாலை என்ஜினீயர் கழுத்தில் காவியோடு மூன்று நாள் வேலைக்குப் போனேன்.

அந்தக் கோலத்தில்தான் பஸ் ஸ்டாண்டில் நம் விலங்கியல் சார் என்னைப் பார்த்தார். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. ஆனாலும் ஹாஸ்டல் பையன்கள் எல்லாரையும் அவருக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கியுமில்லை, ஒண்ணுமில்லை. இது பூச்சி. லைட்டடியில நசுக்கிட்டியா?" என்றார்.

சாரின் விளக்கத்தை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். நம் பக்கம் ஆசிட் பூச்சி என்று சொல்கிறோமே, அது பூச்சி இனத்தில் ஒரு வண்டு. பேர் பீடரஸ். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். தலை கறுப்பு, கழுத்துப் பகுதி ஆரஞ்சு, நடுவில் நீலப் பளபளப்பு, மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுக்கினால் அதன் உடம்புத் திரவத்தில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பட்டுக் கொப்புளமாகிறது. அந்த நச்சைக்கூட வண்டு தானே தயாரிப்பதில்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா செய்து கொடுக்கிறது என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, மேலே வந்து உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதி விடுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்னொன்றையும் சார் சொன்னார். நெல் வயலில் தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்பதும் இதே வண்டுதான். நாம் மருந்தடித்துக் கொல்வது நமக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற ஆளை.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அது வண்டு மாதிரியே இல்லை. எறும்பு மாதிரி நீளமாக இருந்தது. வண்டு என்றால் முதுகில் ஓடு வேண்டாமா? ஓடு இருக்கிறது, ஆனால் சட்டை மாதிரி பாதி முதுகோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு ரோவ் வண்டு என்று பேர். அந்தக் குட்டை ஓட்டுக்கு அடியில் முழு நீளச் சிறகு மடிந்து கிடக்கிறது. அதை எப்படி மடிக்கிறது என்று 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். இடது சிறகும் வலது சிறகும் ஒரே மாதிரி மடிவதில்லையாம்! நாற்பது மீட்டர் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றத் திண்டாடுகிற எனக்கு அதைப் படித்ததும் வண்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

உலகத்தில் பறவைகள் ஏறக்குறைய 11,000 இனம்தான். இந்த ஒரு வண்டுக் குடும்பத்தில் மட்டும் பெயர் வைத்தவையே 60,000 இனங்களுக்கு மேல். பெயர் வைக்காதவை எத்தனையோ.

குமரலிங்கம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அமராவதித் தண்ணீரில் நெல்லும் தென்னையும் உண்டு. 2021 நவம்பரில் ஒரு காலை, மண் வாய்க்காலின் ஈர ஓரத்தில் கறுப்பாக ஒன்று ஓடியது. நாலு மில்லிமீட்டர் இருக்கும். தலையை விடக் கண்தான் பெரிதாகத் தெரிந்தது. பிடிக்கப் போனேன், தவறித் தண்ணீரில் விழுந்தது. விழுந்தது நீந்தவில்லை. கால் அசையாமல், சர்ரென்று தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போனது. சின்ன வயதில் காகிதப் படகின் பின்னால் கற்பூரத் துண்டு வைத்துத் தட்டில் ஓட விட்டிருக்கிறோமே, அதே ஓட்டம்! பரப்பு இழுவிசை என்று இந்தக் கல்லூரியில்தான் படித்தேன். கற்பூரம் பின்னால் இழுவிசையைக் குறைக்கிறது, முன்னால் இருக்கிற தண்ணீர் படகை இழுக்கிறது. இந்த வண்டும் வால் முனையில் ஒரு திரவத்தை விட்டு அதையேதான் செய்கிறது. சாரிடம் கொண்டு போனேன். "ஸ்டீனஸ்" என்றார். நாக்குப் பகுதியைச் சில மில்லி செகண்டில் ஈட்டி மாதிரி நீட்டி இரை பிடிக்கிற ஜாதி. இந்த ஒரு பேரினத்திலேயே 3,000-க்கு மேல் இனங்கள் உண்டு.

"இது எந்த இனம் சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியால்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

நம் நாட்டு ரோவ் வண்டுகளுக்கு ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. மால்கம் கேமரன் என்பவர் எழுதி, பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் 1930 முதல் 1939 வரை வெளிவந்தது. ஸ்டீனஸ் 1930-இல் வந்த முதல் தொகுதியிலேயே வருகிறது. இன்றைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கேமரன் யார் தெரியுமா? கடற்படை டாக்டர். அதே காலத்தில் ஆயிரக்கணக்கான ரோவ் வண்டுகளுக்குப் பெயர் வைத்த மாக்ஸ் பெர்ன்ஹாவர் ஆஸ்திரியாவில் பத்திரம் பதிகிற நோட்டரி. இவர்களைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. டாக்டரும் நோட்டரியும் செய்த வேலையை ஒரு என்ஜினீயர் எட்டிப் பார்க்கக் கூடாதா?

பார்த்தேன். புத்தகத்தில் அடையாளச் சாவி என்று ஒன்று உண்டு. 'தலை கழுத்தை விட அகலமா? ஆம் என்றால் அடுத்த எண்ணுக்குப் போ' என்று போய்க்கொண்டே இருக்கும். மிஷின் ரிப்பேர் புத்தகத்தில் பழுது கண்டுபிடிக்கிற பட்டியல் மாதிரி. எங்கள் வண்டு ஒரு எண்ணில் போய் முட்டிக்கொண்டு நின்றது. புத்தகம் சொன்ன இரண்டு வழியிலும் அது போகவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பேர் கூட யோசித்துவிட்டேன். மறுநாள் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "புத்தகம் வந்து தொண்ணூறு வருசமாச்சு. அதுக்கப்புறம் எத்தனை பேர் எத்தனை இனத்துக்குப் பேர் வச்சிருக்காங்களோ, எல்லாத்தையும் பார்க்கணும்பா. பேர் வைக்கறது கடைசி வேலை" என்றார். ஜெர்மனியில் ஃபோல்கர் புட்ஸ் என்ற ஒரே மனிதர் ஸ்டீனஸ் கூட்டத்தைப் பற்றி மட்டும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் 'புதுசு' என்று சொல்ல முடியாது.

புது இனம் என்று அறிவிக்க என்னென்ன வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். எங்கள் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வேலை அது. முதலில் அளவு. தலை அகலம், கழுத்துப் பகுதியின் நீளம், ஓட்டின் நீளம், ஒன்றுக்கொன்று விகிதம். பிறகு மேற்பரப்பு. புள்ளிக் குழிகள் எவ்வளவு நெருக்கம், இடையில் வழவழப்பா, சொரசொரப்பா. பிறகு முக்கியமான ஒன்று. தாய்மார்கள் மன்னிக்கவும், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு. வெளியே பார்த்தால் அச்சாக ஒன்று போலிருக்கும் இரண்டு இனங்கள் அங்கேதான் வேறுபடும். பூட்டு எல்லாம் ஒரே மாதிரி தெரியும், சாவியைப் பார்த்தால்தான் எந்த வீடு என்று தெரியும். அதை வெளியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சுத்தம் செய்து, படம் வரைய வேண்டும்.

அதற்கு மேல் ஹோலோடைப். 'இந்தப் பெயர் இதற்குத்தான்' என்று ஒரே ஒரு வண்டைக் காட்டி, எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது என்று எழுத வேண்டும். 1999-க்குப் பிறகு இப்படிக் காட்டாமல் வைக்கிற பெயர் செல்லவே செல்லாது. ஒர்க்ஷாப்பில் மாஸ்டர் பீஸ் என்று ஒன்றைப் பூட்டி வைத்திருப்போமே, அது மாதிரி. கிலோகிராமுக்கும் அப்படி ஒரு மாஸ்டர், பாரிஸ் பக்கம் செவ்ரேயில் இருந்தது. 2019 மே 20 முதல் அதற்கு வேலை போய்விட்டது, கிலோவை இயற்கை மாறிலியைக் கொண்டு வரையறுத்துவிட்டார்கள். வண்டுக்கு அப்படி எந்தச் சூத்திரமும் கிடையாது. ஊசியில் குத்திய அந்த ஒற்றை வண்டுதான் அளவுகோல்.

அந்த அளவுகோல்கள் எங்கே இருக்கின்றன? கேமரன் வண்டுகள் லண்டன் அருங்காட்சியகத்தில், பெர்ன்ஹாவரின் சேகரம் சிகாகோவில். 1972-இல் ஜெனீவா அருங்காட்சியகத்திலிருந்து பெசுஷே, லோபிள், முசார் என்று மூன்று பேர் தென்னிந்தியா வந்து, நம் ஆனைமலையிலும் உதிர்ந்த இலைகளைச் சலித்து, கண்ணுக்குத் தெரியாத வண்டுகளை எடுத்துப் போனார்கள். அவற்றில் காளானில் வாழும் ஒரு கூட்டத்தை லோபிள் 1979-இல் விவரித்து எழுதினார். அந்தக் கூட்டமும் இப்போது ரோவ் வண்டுக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. அவர்கள் செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டால் அந்த இனங்களுக்கு இன்றைக்கும் பெயர் இருந்திருக்காது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிகிற மலையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஜெனீவாவைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் சொல்கிறேன்.

நம்மவர்கள் யாருமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. கோவையில் பி. சூசைநாதன் என்று ஒருவர் இருந்தார். ஆனைமலை சின்கோனாவிலும் கோவையிலும் அவர் பிடித்த பூச்சிகள் உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்களில் எல்லாம் இருக்கின்றன. 'நாதனி' என்று முடிகிற எத்தனையோ பூச்சிப் பெயர்கள் அவரைக் கௌரவித்து வைத்தவை. அவற்றுக்கெல்லாம் மதிப்பு வந்தது எதனால்? ஒவ்வொரு பூச்சியின் அடியிலும் அரிசி அளவு எழுத்தில் ஊர், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் என்று ஒரு லேபிள் இருந்ததால்.

லேபிள் இருந்தால் வண்டு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும். சார்லஸ் டார்வின் 1832-இல் அர்ஜென்டினாவின் பாகியா பிளாங்காவில் ஒரு ரோவ் வண்டைப் பிடித்தார். அது புது இனம் என்று கண்டுபிடித்து டார்வினிலஸ் செடாரிசி என்று பெயர் வைத்தது 2014 பிப்ரவரி 12, டார்வினின் 205-ஆவது பிறந்த நாள். 182 வருஷம் கழித்து! அவ்வளவு பெரிய ஆள் பிடித்ததே அப்படி. பொதுவாக ஒரு புது இனம் பிடிபட்டதிலிருந்து பெயர் பெறும் வரை சராசரியாக 21 வருஷம் ஆகிறது என்று 2012-இல் ஒரு கணக்கு வந்தது.

என் வண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் அதே இடத்தில் இன்னொன்று கிடைத்தது. சார் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ரெண்டும் பொட்டைப்பா. ஆண் வேணும். ஆண் இல்லாம எவனும் இதை எழுத மாட்டான்" என்றார்.

அடுத்த மழைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இடையில் 2023 கோடை வந்தது. மண் வாய்க்காலில் பாதித் தண்ணீர் பூமிக்குள்ளேயே போய்விடுகிறது என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ஜினீயர் மகன் எதற்கு இருக்கிறேன்? நானே லெவல் பார்த்தேன், நானே எஸ்டிமேட் போட்டேன், நானே நின்று சிமெண்ட் பூசினேன். வேலை சுத்தம். தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரி ஓடுகிறது. ஐப்பசியில் டார்ச்சும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய் நின்றபோதுதான் உறைத்தது. ஈர மண் ஓரம் என்று ஒரு விரற்கடை கூட அங்கே இல்லை.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. செய்தது நான். இன்றைக்கு நிலைமை இதுதான்: வண்டு புதிதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து மண் வாய்க்காலில், அவர்கள் அனுமதியோடு, இரண்டு மழைக்காலம் தேடிவிட்டேன். வேறு ஸ்டீனஸ் கிடைத்தது, இது கிடைக்கவில்லை. ஆற்றோரத்தில் இருக்கும் என்று சார் சொல்கிறார். புலிகள் காப்பகத்துக்குள் நாமாகப் போய்ப் பிடிக்க முடியாது, கூடாது, அனுமதி வேண்டும். அதற்கு வெளியே தேடிக்கொண்டிருக்கிறேன். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனம் யார் கண்டுபிடித்தாலும் அதன் மாதிரியை நம் நாட்டிலேயே அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் ஆண் வண்டு கிடைத்து, அது புதிது என்று தெரிந்த ஒருவர் எழுதினால், அந்த மாஸ்டர் பீஸ் இந்தியாவில்தான் இருக்கும். இரண்டு பெண் வண்டுகளும் லேபிளோடு என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு முடியாவிட்டாலும் பின்னால் வருகிறவருக்கு அது போதும்.

முடிக்கிற நேரம் வந்துவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டே கோரிக்கை.

நம் விலங்கியல் துறையில் பிராக்டிகல் தேர்வுக்காக மாணவர்கள் பிடித்துக் கொடுத்த பூச்சிப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. போன மாதம் சாரோடு உட்கார்ந்து பார்த்தேன். எத்தனை அழகான வண்டுகள்! பலவற்றில் 'வண்டு' என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஊரும் இல்லை, தேதியும் இல்லை. மார்க் வாங்கித் தந்ததோடு அவற்றின் வேலை முடிந்துவிட்டது. அதில் எது புது இனமாக இருந்தாலும் இனி யாருக்கும் உபயோகமில்லை. இந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு பூச்சிக்கும் ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதினால்தான் மார்க் என்று துறையில் ஏற்பாடு செய்ய வேண்டும். அளவுக்கோல் பொருத்திய நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றைச் சங்கம் வாங்கித் தர வேண்டும். அதற்கு என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

இரண்டாவது, தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடைசிப் பத்தடியை மண்ணாகவே விட்டுவிடுங்கள். எங்கள் வாய்க்காலின் வால் பகுதியில் போன சித்திரையில் பத்தடி சிமெண்டை நானே உடைத்து எடுத்துவிட்டேன். "பூசறதுக்கு ஒரு கூலி, பேர்க்கறதுக்கு ஒரு கூலியா?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்லவில்லை. இந்த மழைக்கு அங்கே மறுபடி ஈர மண் ஓரம் வந்திருக்கிறது. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன், சின்னச் சின்னதாக ஏதேதோ ஓடுகின்றன. எங்கள் வண்டு இன்னும் வரவில்லை.

வந்தால் அடுத்த ஆண்டு விழாவில் சொல்கிறேன்.